ஞாயிற்றின் காந்தமும் சிறுமலைக் கயிறும்

தமிழ் ஆனர்ஸ் வகுப்பிற் பயிலும் யாம் ஞாயிற்றின் காந்தத்தைப் பற்றி எழுதப் புகுந்ததை அறிந்து நண்பர் சிலர் நகைத்தனர். தொல்காப்பியமும் சிலம்பும் கற்பார்க்கு வானாராய்ச்சி எதற்கு என்பது அவர் வினா. அவருள் பௌதிகம் பயிலும் அன்பர் ஒருவர் ஒருபடி மேற்சென்று, 'இப்பொருளைத் தமிழிற் சொல்ல இயலாது. சொன்னாலும் கேட்பவர்க்கு விளங்காது' என்று அறுதியிட்டு உரைத்தார். நகையை யாம் பொறுத்தோம். அவ்வுரையைப் பொறுக்க இயலவில்லை. ஒரு மொழி உயிரோடிருப்பதற்கு அறிகுறி பழம்பாடல்களைப் போற்றுதல் மட்டுமன்று. நேற்றுக் கண்ட உண்மையை இன்று எடுத்துரைக்கும் ஆற்றலும் அதற்கு வேண்டும். ஆகவே, ஞாயிற்றிற் சுடர்வெடிப்பு நிகழும்போது அதன் காந்தப்புலம் என்னாகின்றது என்னும் ஒரே வினாவை எடுத்துக்கொண்டு, அறிஞர் கண்ட விடையை எம்மால் இயன்ற தமிழிற் கூற முற்படுகின்றோம்.

காந்தம் என்றவுடன் இரும்புத் துண்டே நம் நினைவிற்கு வரும். ஞாயிற்றில் அத்தகைய இரும்புக் கட்டி யாதும் இல்லை. மேற்பரப்பிலேயே ஏறக்குறைய 5,500 பாகை வெப்பமுடைய அக்கோளம் முற்றும் ஆவிப்பொருளே. உள்ளே செல்லச் செல்ல வெப்பம் மிகுதலால் அணுக்கள் சிதைந்து மின்னேறிய துகள்களாகப் பிரிந்து கிடக்கின்றன. மின்னேறிய பொருள் ஓடுமிடத்து மின்னோட்டம் உண்டு. மின்னோட்டம் உள்ளவிடத்துக் காந்தம் உண்டு. ஓயாது கொதித்துப் புரளும் இம்மின்னாவியே ஞாயிற்றின் காந்தத்தைப் பிறப்பித்து வளர்க்கின்றது. காந்தப்புலத்தைக் கண்ணாற் காண இயலாமையின், அறிஞர் அதனைக் கோடுகளாக வரைந்துகொள்வர். ஞாயிற்றில் இக்கோடுகளும் மின்னாவியும் ஒன்றையொன்று எளிதில் விட்டு நீங்குவதில்லை. ஆவி ஓடினால் கோடும் உடன் இழுபடும். கோடு வலுத்துழி ஆவியின் ஓட்டம் தடைப்படும்.

ஞாயிற்றின் மேற்பரப்பிற் காணப்படும் கரும்புள்ளிகள் இத்தடையால் விளைவனவே. கீழிருந்து மேலெழும் வெப்பத்தை வலிய காந்தம் தடுத்துவிடுதலின், அவ்விடம் சூழ உள்ள இடங்களினும் வெப்பம் குறைந்து கருத்துத் தோன்றுகின்றது. நம் நிலவுலகின் காந்தப்புலம் காஸ் என்னும் அளவையில் ஏறத்தாழ அரைப்பங்கே. பெரிய கரும்புள்ளியின் நடுவிலோ அது 3,000 காஸ் அளவினது. பதினைந்து கோடி கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள காந்தத்தை எக்கருவிகொண்டு அளந்தனர் என்று வினவலாம். காந்தப்புலத்தினூடே தோன்றும் ஒளியின் நிறமாலையில் ஒற்றைக் கோடு பலவாகப் பிளவுபடும் என்பதை 1896ஆம் ஆண்டில் ஸீமான் என்னும் டச்சு நாட்டறிஞர் கண்டனர். அப்பிளவையே அளவுகோலாகக் கொண்டு, 1908ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வில்சன் மலையிலிருந்து ஹேல் என்பார் கரும்புள்ளிகள் காந்தமுடையன என்று நிறுவினார். ஒளியே தூதாக வந்து ஆண்டுள்ள காந்தத்தின் செய்தியை நமக்கு உரைக்கின்றது.

இவ்வாராய்ச்சியில் நம் நாட்டிற்கும் பழைய பங்குண்டு. அதுவும் திண்டுக்கல்லுக்கு அண்மையிலேயே உண்டு. நம் பாட்டன்மார் தாது வருடப் பஞ்சம் என்று நடுங்கி நினைவுகூர்ந்த 1876 முதல் 1878 வரையிலான கொடிய பஞ்சத்திற்குப் பின்னர், ஞாயிற்றின் புள்ளிகளுக்கும் பருவமழைக்கும் தொடர்புண்டோ என்னும் ஐயம் அரசினரிடைத் தோன்றிற்று. ஞாயிற்றை நாள்தோறும் நோக்குதற்கு உயர்ந்த மலைமேல் ஒரு நிலையம் வேண்டும் என்னும் கருத்து வலுப்பெற்று, 1899ஆம் ஆண்டிற் கோடைக்கானல் வானாராய்ச்சி நிலையம் எழுந்தது. அதனை நிறுவி நடத்திய மிச்சி ஸ்மித் என்பார் முன்னர்ச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிற் பேராசிரியராக இருந்தவர். கல்லூரி ஆசிரியர் ஒருவர் மாணாக்கர்க்குக் கற்பித்த பௌதிகத்தோடு அமையாது மலையேறிச் சென்று, பின்வந்தோர்க்கெல்லாம் பயன்படும் ஒரு நிலையத்தை நாட்டியது எம்போலியர்க்குப் பெருமை தருவதாம்.

அவர்க்குப் பின் அந்நிலையத்தின் தலைமை ஏற்ற எவர்ஷெட் என்பார், 1909ஆம் ஆண்டில், கரும்புள்ளியின் ஓரத்தே உள்ள மங்கிய வளையத்தில் ஆவியானது நடுவிலிருந்து வெளிநோக்கி, நொடிக்குச் சில கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகின்றது என்று கண்டறிந்தார். கரும்புள்ளி சுழற்காற்றுப்போற் சுழலுவது என்று பிறர் எண்ணியிருந்த காலத்தில், அவ்வோட்டம் ஆரங்களின் வழியே நேரே செல்வது என்று அவர் கண்டது உலகோர் உள்ளத்தைக் கவர்ந்தது. இன்றும் அவ்வோட்டத்திற்கு அவர் பெயரே வழங்குகின்றது. அவர்தம் மனைவியார் மேரி எவர்ஷெட் அம்மையாரை யாம் தனியே நினைவுகூர விரும்புகின்றோம். ஞாயிற்றின் விளிம்பில் எழும் தீக்கொழுந்துகளைக் கணவரோடிருந்து ஆராய்ந்த அவ்வம்மையாரே, இத்தாலியப் பெருங்கவி தாந்தேயின் பாட்டில் வரும் வானியலைப் பற்றியும் ஒரு நூல் இயற்றினார். இலக்கியமும் வானாராய்ச்சியும் ஒருவருள்ளத்தே ஒருங்கு வாழ இயலாவென்பார்க்கு, கோடைக்கானல் மலையே விடை கூறும்.

அந்நிலையத்தின் தனிச் செல்வம் ஒன்றுண்டு. 1904ஆம் ஆண்டு முதல், வானம் தெளிந்த நாள்தோறும் ஞாயிற்றின் படத்தை ஆண்டு எடுத்துவந்தனர். கால்சியத்திற்குரிய ஊதா ஒளியில் எடுத்த படங்களிற் காந்தம் வலுத்த இடங்கள் மிக்கு ஒளிர்ந்து தோன்றும். ஆதலின், காந்தத்தை நேரே அளக்கும் கருவிகள் பெருகாத காலத்து ஞாயிற்றின் காந்தம் எங்கெங்கே திரண்டிருந்தது என்பதை அப்பழங்கண்ணாடித் தகடுகள் இன்றும் மறைமுகமாகக் காட்டுகின்றன. நூறாண்டுப் படங்கள் இப்போது கணிப்பொறியில் ஏற்றப்பெற்று, உலகின் எப்பகுதியில் உள்ளாரும் ஆராய்தற்கு உரியனவாயின.

இனிச் சுடர்வெடிப்பு என்பது யாது என்று காண்போம். கரும்புள்ளிகள் பெரும்பாலும் இரட்டையாகவோ கூட்டமாகவோ தோன்றும். ஒன்று காந்தத்தின் வடமுனையானால் மற்றொன்று தென்முனையாகும். ஒரு முனையினின்று எழும் காந்தக் கோடுகள் வில்லென வளைந்து மற்றொரு முனையிற் சென்று அடங்கும். அவ்வில்லின் அடிகள் ஊன்றிய மேற்பரப்பு அமைதியாக இருப்பதன்று. அடிகள் நகர நகர, மேலுள்ள கோடுகள் கயிறு முறுக்குவதுபோல முறுக்கேறிக்கொண்டே வரும். முறுக்கிய கயிற்றில் வலிமை ஒடுங்கிக் கிடப்பதுபோல அக்கோடுகளிலும் ஆற்றல் ஒடுங்கிக் கிடக்கும். திண்டுக்கல்லார்க்குப் பூட்டைப் பற்றி யாம் சொல்ல வேண்டுவதில்லை. சிறு திறவுகோல் ஒன்று பெருங்கதவைத் திறப்பதுபோல, எதிரெதிர்த் திசையில் ஓடும் இரு காந்தக் கோடுகள் மிக நெருங்கி, அற்று, வேறுவகையாகப் பிணையும் ஒரு சிற்றிடத்திலிருந்தே அத்துணை ஆற்றலும் திறந்துகொள்கின்றது. சில நிமிடங்களில் அவ்விடத்து ஆவி ஒருகோடிப் பாகைக்கு மேலும் கொதித்து, ஊடுகதிரையும் கண்காணும் ஒளியையும் வாரி இறைக்கும். அதுவே சுடர்வெடிப்பு. 1859ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் நாள் இங்கிலாந்தில் காரிங்டன், ஹாட்சன் என்னும் இருவர், ஒருவரையொருவர் அறியாமலே, கரும்புள்ளிக் கூட்டத்தினிடையே திடீரெனப் பேரொளி தோன்றி மறைந்ததைக் கண்டனர். ஒருநாள் கழியுமுன்னரே உலகெங்கும் காந்த ஊசிகள் நிலைகுலைந்து ஆடின. பம்பாயிற் கொலாபா நிலையத்துக் கருவியும் அக்கொந்தளிப்பைப் பதிந்து வைத்தது.

இத்துணையும் நூல்களிற் படித்தபின், இதனைப் பள்ளிப் படிப்பு மிகுதியும் பெறாத ஒருவர்க்குச் சொல்லிப் பார்த்தாலன்றி அன்பர் கூற்றிற்கு விடையாகாது என்று யாம் துணிந்தோம். அதற்கு வாய்ப்பும் நேர்ந்தது. விடுமுறை நாள் ஒன்றில் யாம் ஐவர், பௌதிக அன்பரும் உடன்வர, சிறுமலைக்குச் சென்றோம். மதுரைக்கு வழி உரைக்கும் மாங்காட்டு மறையோன் கோவலற்குக் குறித்துக் காட்டிய மலைகளுள் இதுவும் ஒன்று. வாழையும் கமுகும் தெங்கும் மாவும் பலாவும் சூழ்ந்த மலை என்று இளங்கோவடிகள் இதனைக் கூறியுள்ளார். வாழைக்கு இன்றும் இதுவே பெயர்பெற்ற மலை. பதினெட்டுக் கொண்டையூசி வளைவுகளைக் கடந்து மேலே சென்றால் வெயிலின் கடுமை தணிந்துவிடும். மேற்கே திண்டுக்கல் சமவெளி பரந்து கிடக்க, அதற்கு அப்பால் நீல நிறத்திற் பழனி மலைத்தொடர் தோன்றும். எவர்ஷெட் வாழ்ந்த கோடைக்கானல் அத்தொடரின்மேல் உள்ளதே.

ஆண்டு வாழைத் தோட்டம் உடைய முதியவர் ஒருவர் எமக்குப் பழம் அளித்து உபசரித்தார். மாலை ஞாயிறு மேற்கு மலையில் இறங்கிக்கொண்டிருந்தது. யாம் அதனைக் காட்டி, கரும்புள்ளியும் காந்தமும் முறுக்கும் வெடிப்பும் ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லிவந்தோம். 'காந்தப்புலம்' என்ற சொல்லைக் கேட்டு அவர் விழித்தார்; 'காந்தத்தின் பிடி எட்டும் எல்லை' என்றதும் தலையசைத்தார். 'முறுக்கேறிய கயிறு' என்றபோது எமது விளக்கத்திற்கு அவர் காத்திருக்கவில்லை. குலை சுமந்த வாழைகளைக் காற்றினின்று காத்தற்கு நிலத்தில் முளை அடித்துக் கயிற்றால் இழுத்துக் கட்டியிருந்தார். அவற்றைச் சுட்டிக்காட்டி, 'தம்பி, முறுக்கு மிஞ்சினாற் கயிறு அறும். அது எனக்குத் தெரியும். கயிறு அறுந்தபின் அடியில் நிற்கும் முளை என்ன ஆகும்? அதைச் சொல்லுங்கள்' என்றார்.

எம்முட் சிலர், 'கிளை ஆடினால் வேர் ஆடுமோ? முளை நின்றபடியே நிற்கும் ஐயா' என்றனர். முதியவர் நகைத்து, எம்மைத் தோட்டத்தின் ஓரத்திற்கு அழைத்துச் சென்றார். முன்னொருநாட் பெருங்காற்றிற் கயிறு அறுந்த முளைகள் சில அங்கே நின்றன. அவை பிடுங்குண்டு விழவில்லை. பழைய நிலையில் நிற்கவும் இல்லை. ஒருபுறமாகச் சாய்ந்து, சாய்ந்தபடியே நிலைத்திருந்தன. 'வெடுக்கென்று அறும்போதே சாய்ந்துவிடும். பிறகு தானாக நிமிராது' என்று அவர் கூறினார். பௌதிக அன்பர் நெடுநேரம் வாய்திறவாதிருந்தார். மலையிறங்குங்கால், 'அவர் கேட்டது உண்மையான வினா; நூலகத்தில் தேடுவோம்' என்று மட்டும் சொன்னார்.

தேடியபோது அறிந்ததை இனிச் சொல்வோம். நெடுங்காலம்வரை அறிஞர் பலரும் எம் தோழர் கூறியதையே எண்ணியிருந்தனர். சுடர்வெடிப்பு நிகழ்வது ஞாயிற்றின் மேற்பரப்பிற்கு உயரே, மிக மெல்லிய ஆவி பரந்த இடத்தில். மேற்பரப்பின் ஆவியோ அதனினும் பல மடங்கு செறிந்தது. மெல்லியது அசைந்தால் செறிந்தது அசையாது என்பது அவர் துணிபு. ஐயுற்று ஆராய்ந்தாரும் இருந்தனர். ஆயின் இடைவிடாத அளவுகள் கிட்டாமையால் உறுதி கூற அவர்க்கு இயலவில்லை.

அக்குறையை நீக்கியது நிலவுலகைச் சுற்றி ஆறிடங்களில் அமைந்த ஒரு கண்காணிப்பு வலை. ஓரிடத்தில் ஞாயிறு மறைந்தால் மற்றோரிடத்தில் எழும். ஆதலின் நோக்கு அறுவதில்லை. 1995ஆம் ஆண்டு முதல் இயங்கும் அவ்வலையின் ஆறு நிலையங்களுள் ஒன்று நம் நாட்டில், இராசபுதனத்து உதயபூரில் உள்ளது. அவ்வலையின் அளவுகளைக் கொண்டு சுடோல், ஹார்வி என்னும் இருவர் பெரும் சுடர்வெடிப்புகள் பதினைந்தை ஆராய்ந்து 2005ஆம் ஆண்டில் தம் முடிபை வெளியிட்டனர். பதினைந்திலும் மேற்பரப்பின் காந்தப்புலம் ஏதேனும் ஓரிடத்திலேனும் மாறியிருந்தது. மாற்றம் பெரும்பாலும் பத்து நிமிடத்திற்குள் நிகழ்ந்தது. அதன் அளவு நடுத்தரமாக 90 காஸ். இவையனைத்தினும் சிறந்த செய்தி ஒன்றுண்டு: மாறிய புலம் பழைய நிலைக்கு மீளவில்லை. சிறுமலை முதியவர் முளையைப் பற்றிக் கூறியதும் இதுவே அன்றோ!

முளை எப்பக்கம் சாயும் என்பதற்கும் விடை கிடைத்தது. ஆற்றல் வெளிப்பட்டபின் மேலே பருத்து நின்ற காந்த வில்லானது தளர்ந்து உட்சுருங்க வேண்டும். சுருங்கினால் மேற்பரப்பிற் செங்குத்தாக நின்ற கோடுகள் கிடைநிலையை நோக்கிச் சாய வேண்டும். ஹட்சன் முதலியோர் இவ்வாறு 2008ஆம் ஆண்டளவிற் கருத்துரைத்தனர். 2010ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஏவப்பட்ட அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்று காந்தப்புலத்தின் வலிமையோடு திசையையும் அளக்கும் கருவியைத் தாங்கிச் சென்றது. அடுத்த ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் பெருஞ்சுடர்வெடிப்பு ஒன்று நிகழ்ந்தது. வடமுனையும் தென்முனையும் எதிர்ப்படும் எல்லைக்கோட்டின் அருகே கிடைநிலைப் புலம் ஏறத்தாழ 28 விழுக்காடு மிகுந்ததை அக்கருவி காட்டிற்று. மேலே ஆற்றல் குறைந்தது. கீழே கிடைப்புலம் வலுத்தது. முரண்போலத் தோன்றினும், வில் சுருங்கி மேற்பரப்பை நெருங்கியதால் விளைந்ததே இது. இவ்விடத்து உவமையின் எல்லையையும் கூறிவிடுதல் கடன். முளை சாய்ந்தது கயிறு இழுத்ததனால். ஞாயிற்றிற் கோடு சாய்ந்தது வில் சுருங்கியதனால். எவ்வுவமையும் ஒருபுடை ஒப்புமையே என்பதை அணியிலக்கணம் கற்றார் அறிவர்.

இதனை அறிவதால் நமக்கு ஆவதென்னை என்று கேட்பாரும் உளர். சுடர்வெடிப்பின் ஒளி எட்டு நிமிடத்தில் நம்மை அடைகின்றது. சில வேளை அதனோடு, காந்தத்தைச் சுமந்த ஆவித்திரள் ஒன்றும் ஞாயிற்றினின்று வீசப்பட்டு, ஒன்றிரண்டு நாளில் நிலவுலகை வந்து மோதும். 1989ஆம் ஆண்டு மார்ச்சு 13ஆம் நாள் அத்தகைய மோதலாற் கனடா நாட்டுக் கியூபெக் மாகாணம் ஒன்பது மணிநேரம் மின்னொளியின்றி இருளில் மூழ்கிற்று; அறுபது இலட்சம் மக்கள் இன்னலுற்றனர். 2024ஆம் ஆண்டு மே 10, 11ஆம் நாள்களில் எழுந்த காந்தப்புயல் இருபதாண்டுகளில் யாரும் காணாத வலிமையுடையது. வடதுருவத்து நாடுகளுக்கே உரிய வானொளி அன்றிரவு நம் இலடாக்கின் ஹான்லே வானிலும் செந்நிறமாகத் தோன்றிற்று. கண்ணுக்கு அழகாய் அமைந்த அக்காட்சி, விண்ணிற் செல்லும் கோள்களைக் காப்பார்க்குக் கவலை தந்தது. வெடிப்பு எங்கே, எப்போது நிகழும் என்று முன்னறிய வேண்டுமாயின், முறுக்கு ஏறுவதையும் அறுவதையும் அறுந்தபின் எஞ்சுவதையும் ஒருங்கே அறிதல் வேண்டும். ஒருமுறை வெடித்த புள்ளிக் கூட்டமே மீண்டும் மீண்டும் வெடித்தலும் உண்டு. வெடித்தபின் புலம் எந்நிலையில் நின்றது என்று அறியாதார் அடுத்த வெடிப்பை எங்ஙனம் கணிப்பர்?

இதனை உணர்ந்தே நம் நாட்டாரும் 2023ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள் ஸ்ரீஹரிக்கோட்டையினின்று ஆதித்யா எல்-1 என்னும் விண்கலத்தை ஏவினர். ஏழு கருவிகளைத் தாங்கிய அக்கலம், 15 இலட்சம் கிலோமீட்டர் கடந்து, 2024ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள் தனக்குரிய சுற்றுவழியை அடைந்தது. அத்திட்டத்தின் இயக்குநராக விளங்கிய நிகார் சாஜி அம்மையார் செங்கோட்டையிற் பிறந்தவர். கலத்தின் முதன்மைக் கருவியாகிய ஒளிமகுட நோக்கியை அமைத்ததோ, கோடைக்கானல் நிலையத்தை இப்போது நடத்திவரும் இந்திய வானியற்பியல் நிறுவனமே. பஞ்சத்தின் துயரிலிருந்து மலைமேற் பிறந்த ஆராய்ச்சி, விண்ணிலும் ஒரு நிலையம் கண்டுவிட்டது.

இக்கட்டுரையிற் காந்தப்புலம், கரும்புள்ளி, சுடர்வெடிப்பு, மின்னாவி, ஒளிமகுடம் என்னும் சொற்களை ஆண்டுள்ளோம். இவற்றுட் சில முன்னரே வழங்குவன. சில எம்மால் இயன்றவாறு அமைத்தன. பௌதிக அன்பர் இதன் படியைப் படித்து, இரண்டோரிடத்துப் பொருளைச் செப்பம் செய்து உதவினார். 'தமிழிற் சொல்ல இயலாது' என்னும் பழைய வாக்கியத்தை அவர் இப்போது சொல்வதில்லை. சொற்களிற் குறை காணும் ஆசிரியன்மாரும் பழைய மாணாக்கரும் தக்கவற்றை எழுதியுதவ வேண்டுகின்றோம். பௌதிகத்தார் பொருள் தருக. தமிழ் வகுப்பார் சொல் தருவோம். இருவரும் கூடினால் அடுத்த ஆண்டு மலரில் இதனினும் அரிய பொருள் ஒன்றைத் தெளிவாக எழுதலாம். அதற்கு வேண்டும் சொற்களை இன்றே தொகுக்கத் தொடங்கியுள்ளோம்.